அம்பது புத்தகமும் கட்டுக்கரைத் தண்ணியும்

இந்த வருசம் 50 புத்தகம் வாசிச்சு முடிக்கிறன் எண்டு போனுக்குள்ள சத்தியம் பண்ணிப் போட்டியாம், பிள்ளை. கொம்மா வந்து சொல்லேக்க அவவின்ர முகத்தில அவ்வளவு புளுகு. எனக்கும் புளுகுதான். எங்கட பரம்பரையில தவணை வைச்சுக் கடன் வாங்கினவை இருக்கினம், நேத்தி வைச்சு மடுமாதாவிட்ட நடந்து போனவை இருக்கினம். புத்தகத்துக்குத் தவணை வைச்சவ நீ ஒருத்திதான்.

அப்பிடிப்பட்ட பிள்ளைக்குக் கிழவன் நாலு புத்தி சொல்லாமல் விட்டாப் பாவம் பிடிக்கும். நான் சொல்லி இந்த வீட்டில ஆர் கேட்டது எண்டு யோசிக்காத. கேக்கமாட்டாய் எண்டு தெரிஞ்சபடியால்தான் துணிஞ்சு சொல்லுறன்.

முதல்ல கணக்கைப் பாப்பம். ஒரு புத்தகம் 250 பக்கம் எண்டு வை. 50 புத்தகம் 12,500 பக்கம். வருசத்துக்கு 365 நாள். பிரிச்சுப் பாத்தா நாளொண்டுக்கு 34 பக்கம். இது என்ன பெரிய காரியம் எண்டுதான் நீயும் நினைச்சிருப்பாய். ஆனா மோள், அந்த 365 இல கம்பஸ்காரர் உனக்கு எத்தனை நாளை மிச்சம் விடுகினம்? காலமை எட்டு மணிக்கு லெக்சர். பின்னேரம் பிராக்டிக்கல். இரவில சீனியர் அக்கா குப்பி போடுறா, போகாட்டிப் பாடம் விளங்காது. எம்பது வீதம் வரவு இல்லாட்டிச் சோதினை எழுத விடமாட்டினம். அசைன்மென்ற் எண்டு ஒரு சாமான் இருக்கு, அது குடுக்கிற நாளுக்கு முதல்நாள் இரவு மட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். பேந்து சோதினைக் காலம். அந்தக் கிழமையளில நீ நாளுக்கு 34 பக்கம் 'பொன்னியின் செல்வன்' வாசிச்சுக்கொண்டு இருந்தா, வந்தியத்தேவன் குதிரையில பம்பைமடுவுக்கு வந்து உனக்குப் பேப்பர் எழுதித் தரமாட்டான்.

அதோட கம்பஸ் வருசம் எப்ப துடங்கும், எப்ப முடியும் எண்டு அதை நடத்திறவைக்கே பிடிபடாது. கொரோனாவுக்கு ஒரு தள்ளல், 2022 இல பெற்றோல் இல்லையெண்டு ஒரு தள்ளல், வேலைநிறுத்தம் வந்தா இன்னொரு தள்ளல். நாலு வருசப் படிப்பு அஞ்சைத் தாண்டி இழுபட்ட பிள்ளையள் முருங்கன் சந்தியில இண்டைக்கும் வவுனியா பஸ்ஸுக்கு நிக்குதுகள். அப்பிடி ஆடுற வருசத்துக்கு நடுவில நீ ஜனவரி முதலாந் திகதி எழும்பி 50 எண்டு ஒரு கட்டையை அடிச்சு நட்டிருக்கிறாய். நட்ட துணிவுக்குக் கும்பிடு.

நீ சத்தியம் பண்ணின உந்தப் போன் செயலிக்குக் குட்ரீட்ஸ் எண்டு பேராம். 2007 இல துடங்கினது, 2011 இல இருந்து இந்த வருசச் சவாலை நடத்துதாம். 2013 இல அமேசன்காரன் அதை வாங்கிப் போட்டான். புத்தகம் விக்கிறவனே, வருசத்துக்கு எத்தனை முடிப்பாய் எண்டு கேட்டு எழுதி வைச்சுக்கொண்டு, பிந்தினா மூண்டு புத்தகம் பிந்தி நிக்கிறாய் எண்டு ஞாபகப்படுத்திறானாம். எனக்கு என்ர சீவியத்தில அப்பிடி ஞாபகப்படுத்தினவை ரண்டே பேர். ஒராள் விதைநெல்லுக்குக் கடன் தந்த முதலாளி, மற்றது உன்ர அம்மம்மா. ரண்டு பேரும் என்னில உள்ள அன்பில ஞாபகப்படுத்தேல்ல.

சரி, வெல்லுறதுதான் எண்ணமெண்டா அதுக்கும் அப்புவிட்ட வழி இருக்கு. டிசம்பர் பிறந்த உடன கவிதைத் தொகுப்பு தேடு. எங்கட மாவட்டத்தில வெளியீட்டு விழா வைக்காத கவிஞர் குறைவு. 64 பக்கம். அதில ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை எண்டு முன்னுக்குக் கால்வாசி போயிடும். மிச்சத்தில ஒரு பக்கத்துக்கு நாலு வரி, அதுக்கும் கீழ ஒரு பூப்படம். தேத்தண்ணி ஆற முதல் ஒரு புத்தகம் முடிஞ்சுது, கணக்கில ஒண்டு. ஒரு பின்னேரத்தில ஏழெட்டு முடிக்கலாம். காதுக்குள்ள மாட்டிக்கொண்டு இரட்டை வேகத்தில கேக்கிற புத்தகமும் இருக்காம். உடுப்புத் தோய்க்கிற நேரத்தில ஒரு நாவல் அலம்பி முடியும். வாசிச்ச உடன படம் போட மறந்திடாத. புத்தகம் ஒரு பக்கம், தேத்தண்ணிக் கோப்பை ஒரு பக்கம். கோப்பை எப்பிடியும் முடியும்.

இதில வெக்கப்படவும் ஒண்டும் இல்ல. வெளியீட்டு விழாவில பாத்திருப்பாய், முதற்பிரதி எண்டு கூப்பிட்ட உடன ஒருத்தர் வேட்டியைச் சரிக்கட்டிக்கொண்டு எழும்பிப் போய், என்வலப்பைக் குடுத்துப் புத்தகத்தை வாங்கி, கமராவைப் பாத்துச் சிரிப்பார். பேந்து சிறப்புப் பிரதிக்காரர் வரிசை. வாசிச்சு முடிச்சியளோ எண்டு அதுக்குப் பிறகு அவையிட்டக் கேக்கிற பழக்கம் எங்கட ஊரில இல்ல. அது மரியாதை கெட்ட கேள்வி. ஒக்டோபர் வந்தா தேசிய வாசிப்பு மாதம் எண்டு வாசிகசாலைக்கு முன்னால பதாகை கட்டுவினம், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் பேச்சுப் போட்டி வைப்பினம். 'வாசிப்பின் பயன்' எண்டு பேசிப் பரிசு வாங்கின பிள்ளைக்குப் பரிசாப் புத்தகம் குடுப்பினம். அதை அந்தப் பிள்ளை அலுமாரியில வடிவா அடுக்கி வைக்கும். வாசிக்கிறதுக்கு ஒரு மாதம் எண்டா, மிச்சம் பதினொண்டும் லீவு எண்டுதானே அதுக்கு விளங்கும்.

உன்ர கணக்கில எனக்கு ஒரு சந்தேகம். 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகம். அதை ஒண்டு எண்டு போடுவியோ, அஞ்சு எண்டு போடுவியோ? அஞ்செண்டுதான் போடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். ஆனா கல்கி அதை 1950 இல துடங்கி 1954 மட்டும் கிழமைக்குக் கிழமை எழுதினவர். தனுஷ்கோடியில கப்பலேறித் தலைமன்னாரில இறங்கி, கொழும்பு ரயிலில முருங்கன் ஸ்டேசனைத் தாண்டிப் பத்திரிகைக் கட்டுகள் போன காலம் அது. ஒரு அத்தியாயம் வாசிச்சுப்போட்டு அடுத்த கிழமை மட்டும் நந்தினியை ஏசிக்கொண்டு இருப்பினம் எண்டு என்ர மூத்த மாமி சொல்லுவா. ஒரு கதை முடிய அவைக்கு மூண்டரை வருசம். உன்ர செயலிக் கணக்கில பாத்தா 51, 52, 53 ஆம் ஆண்டுகளில கல்கி வாசிச்ச சனம் முழுக்க சவாலில பெயில். அதில என்ர மாமியும் ஒராள். அவ சாகும் மட்டும் ஆழ்வார்க்கடியான் கதைச்சதைக் கதைச்சுக் காட்டுவா.

புத்தகத்தை எண்ணாமல் வாசிச்ச ஆக்களை இன்னும் கிட்டத்தில காட்டட்டோ? எங்கட மாதோட்டத்துக் கூத்துக்காரர். அண்ணாவியிட்ட ஒரு கொப்பி இருக்கும். மட்டை கழண்டு, நூல் போட்டுத் தைச்சு, ஓரமெல்லாம் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. 'எண்டிறீக்கு எம்பரதோர்' முழுக்க அதுக்குள்ள இருக்கும். வெட்டு முடிஞ்சு நெல்லு வீட்டுக்கு வந்த பிறகு இரவிரவாப் பழக்கம் நடக்கும். அண்ணாவி ஒரு வரி பாடுவார், நாங்கள் வாங்கிப் பாடுவம். பிழைச்சா மத்தளத்தில ஒரு தட்டு, ரண்டாந்தரம் பிழைச்சாத் தட்டு எங்க விழும் எண்டு சொல்லேலாது. எனக்குக் கட்டியகாரன் வேசம், பாட்டுக் கொஞ்சம்தான். ஆனா மேடைக்கரையில நிண்டு நிண்டு ராசாவின்ர பாட்டு, மந்திரியின்ர பாட்டு, பொம்பிளை வேசக்காரரின்ர ஒப்பாரி எல்லாம் எனக்குப் பாடம். ஒருக்கா ராசாவா ஆடினவர் நடுச்சாமத்தில ஒரு வரியை விழுங்கிப்போட்டு மீசையைத் தடவிக்கொண்டு நிண்டவர். நான் கோலைத் தட்டி, அரசே எண்டு கூப்பிட்டு, கேள்வி கேக்கிறமாதிரி அந்த வரியை எடுத்துக் குடுத்தன். சபை கைதட்டினது ராசாவுக்கு. அது எப்பவும் அப்பிடித்தான்.

எங்களில பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். உன்ர செயலியில எங்களைப் பதிஞ்சா எல்லாருக்கும் வருசத்துக்கு ஒரு புத்தகம், அதுவும் போன வருசம் வாசிச்ச அதே புத்தகம். ஆனா அந்த ஒண்டில எந்த வரி எங்க வரும், எந்த இடத்தில சனம் அழும், எந்த இடத்தில பின்வரிசைப் பொடியள் கச்சான் கொறிக்கிறதை விட்டுப்போட்டு நிமிருவாங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும். பேராதனையில படிப்பிச்ச சு. வித்தியானந்தன் அப்பிடிப்பட்ட கொப்பியளைத் தேடிச் சேத்து அச்சில ஏத்தினவர். 'எண்டிறீக்கு எம்பரதோர்' 1964 இல, 'மூவிராசாக்கள்' 1966 இல. ஏட்டில ஒரு பாடம், கொப்பியில ஒரு பாடம், அண்ணாவி வாயில இன்னொரு பாடம் எண்டு கிடந்ததை வரி வரியா ஒப்பிட்டுப் பாத்துப் பதிப்பிக்கிறது எண்டா ஒரே புத்தகத்தை எத்தனை தரம் வாசிச்சிருக்கவேணும்? அந்த மனிசன்தான் 1979 இல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர முதல் துணைவேந்தரா வந்தவர். கம்பஸ் பெரியவர் எங்கட கொப்பியை மதிச்சவர். எங்கட வீட்டுப் பிள்ளை கம்பஸுக்குப் போய் எண்ணிக்கையை மதிக்குது. காலம்.

எண்ணிக்கை எண்ட உடன இன்னொராளும் ஞாபகம் வாறார். சீர்காழியில பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்குப் படிப்பிச்சவர், 1924 இல மெட்ராஸ் யூனிவேர்சிற்றி லைப்ரரிக்குப் பொறுப்பாப் போனவர். 1931 இல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார். புத்தகம் பாவிக்கிறதுக்கு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேத்த புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கேத்த வாசகர். வாசகரின்ர நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் எழுதின அஞ்சு விதியில ஒண்டிலயும் எண்ணிக்கை இல்ல, பாத்தியோ?

எங்கட சனம் ஞாபகம் வைச்சிருக்கிற புத்தக எண்ணிக்கை ஒண்டு இருக்கு. 1981 இல யாழ்ப்பாண நூலகத்தில எரிஞ்சது, கிட்டத்தட்ட 97,000. அதுக்குள்ள என்னென்ன புத்தகம் இருந்தது எண்டு கேட்டா ஏழெட்டுப் புத்தகத்தின்ர பேர் சொல்லுறது எங்கட ஊரில அருமை, எண்ணிக்கை மட்டும் சின்னப்பிள்ளையும் சொல்லும். நான் பகிடி விடேல்ல, இதில பகிடி இல்ல.

பகிடிக்கு வருவம். சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை நீ. போன லீவில மண்ணைப் பற்றின ஒரு தடிச்ச இங்கிலீசுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தனி. இலங்கை மண்ணை வகை பிரிச்சு வைச்ச இடத்தில ஒரு மண்ணுக்குப் பேரே முருங்கன். கோடையில கால் போற அளவுக்கு வெடிச்சு, மாரியில செருப்பைக் கழட்டி வைச்சுக்கொண்டு தராத எங்கட கறுத்தக் களி. திண்ணையில இருந்து நீ இங்கிலீசில வாசிச்சுத் தமிழில சொன்னாய், தண்ணி குடிச்சா ஊதும், காய்ஞ்சாச் சுருங்கும், அதாலதான் வெடிக்கிறது எண்டு. நான் சொன்னன், இது தெரியாமலோ ஈரப்பதம் தப்ப முதல் உழுதுபோட வேணும் எண்டு எங்கட ஆக்கள் ட்ராக்டர்காரனோட சண்டை பிடிக்கிறவை, ஒரு கிழமை பிந்தினாக் கலப்பை இறங்காது, ஒரு நாள் முந்தினா ட்ராக்டரே ஏறாது எண்டு. நீ உடன பேனையை எடுத்து அதைப் புத்தகக் கரையில எழுதினாய். ஒரு பின்னேரம் முழுக்க ரண்டு பேரும் மூண்டு பக்கம்தான் போனம்.

அண்டைக்குக் கேட்டன், இது உன்ர அம்பதில எத்தினையாவது எண்டு. "இல்ல அப்பு, இது பாடப் புத்தகம். கணக்கில வராது" எண்டாய்.

கோதாரி! ஊதா மட்டையில பேய் படம் போட்ட கதை கணக்கில வரும், பூப்படத்துக்கு மேல நாலு வரி கணக்கில வரும், ஊரின்ர பேர் போட்ட புத்தகம் கணக்கில வராதாம். சோதினைக்கு வாசிக்கிறது வாசிப்பில்லை எண்டு உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? உங்கட கம்பஸில எல்லாம் இங்கிலீசு. தமிழில ஏ.எல். எழுதிப்போட்டுப் போற பிள்ளை முதல் வருசம் ஒரு அத்தியாயத்தோட மல்லுக்கட்டி, அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கரை சேருது. அந்த ஒரு அத்தியாயத்துக்குப் பத்து நாவல் எண்டு நான் கணக்குப் போடுவன். ஆனா என்னைச் செயலியில சேக்கமாட்டாங்கள்.

எண்ணிக்கையே வேண்டாம் எண்டும் நான் சொல்லேல்ல. ஏ.எல். காலத்தில ரியூட்டும் பாஸ்ற் பேப்பரும் மட்டும் திண்டு வளந்த பிள்ளையள், கம்பஸிலயும் சீனியரின்ர சோர்ட் நோட்ஸோட நாலு வருசத்தை முடிச்சுப் பட்டமும் வாங்கி வந்திடுதுகள். லைப்ரரிக்குள்ள காத்தாடிக்கும் வைஃபைக்கும் மட்டும் போய்வந்த பட்டதாரியளை எனக்குத் தெரியும், பேர் சொன்னாக் கலியாணம் குழம்பும். அப்பிடி இருக்கிறதுக்கு ஒரு எண்ணை வைச்சுக்கொண்டாவது ஓடுறது மேல். சவால் எண்டு ஒண்டு இருந்தா இரவில போனைக் கீழ வைப்பியள் எண்டு நானும் நம்பினன். பேந்துதான் விளங்கினது, சவாலே போனுக்குள்ளதான் இருக்கு.

எத்தனை எண்டு முடிவெடுக்கிற விதம்தான் பிழை, பிள்ளை. கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழ சிறுபோகம் எப்பிடிச் செய்யிறது எண்டு நீ சின்னனில இருந்து பாத்தனி. ஆசைக்கு ஏத்த ஏக்கர் விதைக்கேலாது. கூட்டம் வைப்பினம். நீர்ப்பாசன எஞ்சினியர் எழும்பி, குளத்தில இப்ப இத்தினை அடி தண்ணி நிக்குது எண்டுவார். அதைக் கேட்டுப்போட்டுத்தான் இந்தமுறை இத்தினை ஏக்கர் எண்டு முடிவு. அருவியாற்றைத் தேக்கத்தில மறிச்சு வாற தண்ணி அது, அனுராதபுரப் பக்கம் மழை இல்லாட்டி எங்கட வீறாப்பு ஒண்டுக்கும் உதவாது. தண்ணி பாக்காமல் விதைச்சவன் கதிர் வாற நேரத்தில வாய்க்கால் கரையில நிண்டு மண்வெட்டியோட அடிபடுவான். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தனும் ஜனவரியில எழும்பி, நான் இந்தமுறை அம்பது ஏக்கர் எண்டு முகப்புத்தகத்தில போட்டதில்ல. போட்டா விசர் எண்டு சொல்லுவினம். உன்னைச் சொல்லேல்ல.

செமஸ்ரர் துடங்கி ரைம்டேபிள் கைக்கு வந்த பிறகு குந்தியிருந்து பார், எத்தனை இரவு மிச்சம், எத்தனை ஞாயிறு மிச்சம் எண்டு. முருங்கனில இருந்து பறயனாலங்குளம் சுத்திப் போற பஸ்ஸில இருக்க இடம் கிடைச்சா அதையும் சேர். பாடப் புத்தகத்தைக் கட்டாயம் சேர். ஒரே புத்தகத்தைத் திருப்பி வாசிச்சா அதை ரண்டாப் போடு, செயலி விடாட்டிக் கொப்பியில போடு. பன்னிரண்டு வந்தாப் பன்னிரண்டு. ஏழு வந்தா ஏழு. சோதினை மாதத்துக்குப் பூச்சியம் எண்டு முதலே எழுதிவை, பேந்து அந்தரப்படத் தேவையில்ல. கொம்மாவுக்கு மட்டும் அம்பது எண்டே இருக்கட்டும். அவ ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சிட்டா, இனிக் குறைச்சா எனக்குத்தான் ஏச்சு விழும்.

அடுத்த லீவுக்கு வரேக்க 'நிலக்கிளி'யைக் கொண்டு வா. பாலமனோகரன் எழுதினது, 1973 இல வீரகேசரிப் பிரசுரமா வந்தது, தண்ணிமுறிப்புப் பக்கத்துக் கதை. என்னட்ட இருந்த பிரதி இடம்பெயர்வில போயிட்டுது. நூலகம் எண்டு 2005 இல இருந்து எங்கட ஆக்கள் நடத்திற இணையத்தளத்தில ஈழத்துப் புத்தகங்கள் சும்மா கிடக்காம், தேடி எடு. எனக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தச் சின்ன எழுத்துத் தெரியாது. நீ வாசி, நான் கேக்கிறன். விளங்காத வன்னிச் சொல்லுக்கு நான் கருத்துச் சொல்லுறன். முடிஞ்ச பிறகு அது ஆரின்ர கணக்கில ஏறுறது எண்டு ரண்டு பேரும் சண்டை பிடிப்பம்.